ஏழாவது மாடியில் எட்டுக் கூடுகள்

எங்கள் ஷெட்டில் கடைசியாகக் குளிப்பதற்குத்தான் சண்டை.

வேறு எங்கேயும் முதலில் குளிக்கத்தான் அடித்துக்கொள்வார்கள். நாங்கள் ஏழு பேரும் "நீ போ, நீ போ" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நிற்போம். தரணீஷ் சோப்பைக் காணோம் என்பான். மோனிஷா தலையில் எண்ணெய் ஊறட்டும் என்பாள். மேஸ்திரி யுவஸ்ரீ அக்காவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் போன் வரும். நான் செருப்பைத் தேடுவேன். செருப்பு என் காலிலேயே இருக்கும்.

நான் ஏன் கடைசி ஆளாக இருக்க நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஏன் என்று யோசிக்கவில்லை. என் பயம் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாங்கள் காலில் மாட்டுகிற கூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஒரு பட்டை, தொடையில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று, பாதத்துக்கு அடியில் ஒரு தகடு. இவற்றை இணைக்கிற மெல்லிய கம்பிச் சட்டம். இரண்டு முழங்காலிலும் எலுமிச்சம்பழ அளவில் மோட்டார். போட்டுக்கொண்டால் நாம் நினைப்பதற்கு அரை நொடி முன்னாலேயே கால் எடுத்து வைக்கும். எழுபத்திரண்டு வயசில் சிமெண்டு மூட்டையோடு நான் ஏழு மாடி ஏறினேன் என்றால் அதனால்தான். சத்தம் கிடையாது. உட்காரும்போது மட்டும் முழங்காலில் கொசு பாடுவதுபோல மெல்ல ஒரு இழுவை கேட்கும். கூடு போட்டுப் பழகினவன் காதுக்குத்தான் அது தெரியும்.

கூடு இல்லாமல் நாட்டில் வேலை நடக்காது என்று ஆகிவிட்டது. இது இரண்டாயிரத்து எண்பத்தொன்றாம் வருஷம். பாதிப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தெருவில் நின்று "தரணீஷ்" என்று கத்தினால் நாலு வழுக்கைத் தலை திரும்பும். போன மாசம் டவர் ரிப்பேருக்கு முப்பது வயசுப் பையன் ஒருவன் வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள், ஒருவர் அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

எங்களுக்கு மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கம் வேலை. ஒன்பது மாடி ஓய்வில்லம். முந்நூற்றுப் பன்னிரண்டு அறை. கட்டுகிறவர்களும் கிழங்கள், வந்து இருக்கப்போகிறவர்களும் கிழங்கள். யாருக்கு எந்த அறை என்று மத்தியானச் சோற்று நேரத்தில் பேசிச் சிரிப்போம். எழுநூற்றுப் பதினாலாம் நம்பர் அறை மட்டும் தனக்கு வேண்டாம் என்பான் தரணீஷ். அந்தக் குளியலறைக்குத் தளம் போட்டது அவன்தான். வாட்டம் தப்பாகிவிட்டது, தண்ணீர் பூராவும் கட்டிலைத் தேடி வரும்.

கூடுகள் எங்களுக்கு வந்தது போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம். முதியோர் உழைப்பு இலாகாவில் இருந்து லாரியில் வந்தது. அதைக் கொடுத்த அதிகாரி ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போனார். யுவஸ்ரீ அக்கா அதை எங்களுக்கு உடைத்துச் சொன்னாள்.

"நடக்கறவன் போட்டா இது கருவியாம். நடக்க முடியாதவன் போட்டா வாகனமாம். வாகனம்னா அது வேற இலாகா, நம்மளுக்குக் கெடையாது. அதனால கூடு இல்லாம பத்தடி நடக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கூடு."

"அதான் நல்லாவே நடக்கறமே. அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டான் தரணீஷ்.

"தூக்கறதுக்கு. கேள்வி கேக்காம மாட்டு."

பத்தடி தாண்டாதவர்களுக்கு உட்கார்ந்தவர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் கூட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எந்த ஊர் ஓய்வில்லத்தில் கட்டில் காலியோ அங்கே அனுப்புவார்கள். ஓசூராக இருக்கலாம், நாகர்கோவிலாக இருக்கலாம். சேர்ந்து வேலை செய்தவர்களைச் சேர்த்து அனுப்புகிற வழக்கம் இல்லை.

எனக்கு மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. பதினாலு வருஷமாக இந்த ஆறு பேரோடுதான் சோறு, சண்டை, தூக்கம் எல்லாம். வீடு என்று கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன்.

வைகாசி மாசம் ஒரு நாள் குளிக்கப்போய்க் கூட்டைக் கழற்றினேன். எழுந்து நிற்கலாம் என்று பார்த்தால் கால் இல்லை. இருந்தது, கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் சொல்வதை அது கேட்கவில்லை. ஆறேழு மாசமாகக் கூடு எடுத்து வைத்த அடியில் சவாரி செய்தே பழகிய கால். அதற்கு வாய் இருந்திருந்தால் அதுவும் என்னைப்போல "கூடு எங்கே" என்றுதான் கேட்டிருக்கும். ஈரத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கையால் இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மோனிஷா கேட்டதற்கு, முதுகு தேய்த்தேன் என்றேன்.

அன்றையிலிருந்து கூட்டோடுதான் குளியல். மோட்டாரில் தண்ணீர் படாமல் இரண்டு முழங்காலுக்கும் பாலித்தீன் பையைக் கட்டிக்கொள்வேன். கட்டவும் அவிழ்க்கவும் நேரமாகும். கதவைத் தட்ட வெளியே ஆள் நிற்கக் கூடாது. அதனால்தான் எனக்குக் கடைசி முறை வேண்டியிருந்தது. தூங்கும்போதும் கழற்றுவதில்லை. சுவரில் வயரைச் செருகிவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். மற்றவர்களும் அப்படித்தான் படுத்தார்கள். குளிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள். நானும் நம்பினேன்.

புரட்டாசி மாசம் நோட்டீஸ் வந்தது. ஷெட்டின் தகரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செங்கல் சூளையில் வளர்ந்த எனக்கு எழுத்து அறுபது வயசுக்கு மேல்தான் வந்தது. புதிதாகச் சைக்கிள் வாங்கினவன் போல எதைக் கண்டாலும் ஏறி ஓட்டிப் பார்ப்பேன். அதனால் காகிதம் எது வந்தாலும் நான்தான் படிப்பது. மற்றவர்கள் கண்ணாடி இல்லை என்பார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வருவார் என்று படித்தேன். கூடுகளும் ஆயுதமே என்பதால் அன்று அவற்றை முறைப்படி கழற்றி வைத்துப் பூஜை செய்ய வேண்டும் என்று படித்தேன். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. பூஜை முடிந்ததும் ஒவ்வொருவரும் கூடு இல்லாமல் பத்தடி நடந்து காட்ட வேண்டும். இலாகாவில் யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள். மற்ற நாளில் கழற்றச் சொன்னால் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்வோம். ஆயுத பூஜை அன்று கருவியைக் கீழே வைக்க மாட்டேன் என்று எந்தக் கொத்தனார் சொல்வான்?

அந்தக் கடைசி வரி என் வாயில் வரவில்லை. "அவ்வளவுதான். கையெழுத்து" என்று முடித்துவிட்டேன்.

இன்னொரு தடவை படி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் வேகமாகத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, குத்தலாகவும் இருந்தது. நண்பர்களிடம் மறைத்துவிட்டேனே என்று ஒரு பக்கம். அவர்களுக்கு என்ன, எழுந்து பத்தடி போட்டுவிட்டு வந்து பொரி தின்பார்கள், மாட்டப்போவது நான் ஒருவன்தானே என்று இன்னொரு பக்கம்.

அடுத்த வாரம் முழுக்க ஷெட்டில் ஆயுத பூஜையைப் பற்றித்தான் பேச்சு. தரணீஷுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. கூடு இரும்பு இல்லை, ஏதோ பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்குப் பூஜை செய்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்றான். மாட்டினபடியே முழங்காலுக்குச் சந்தனம் வைத்தால் போதாதா என்று மோனிஷா கேட்டாள். இப்போது மெல்லிசு ரகம் வந்திருக்கிறதாம், பட்டணத்துப் பெண்கள் புடவைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார்களாம், அவர்கள் எல்லாம் எங்கே கழற்றி வைக்கிறார்கள் என்றாள். பூஜையை வைக்கிறபடி வைக்க வேண்டும் என்று யுவஸ்ரீ அக்கா சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய்விடலாமா என்று நான் நினைத்தேன். வராதவன் பெயர் நேராகப் பட்டியலுக்குப் போகும் என்று நோட்டீசின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் நான்தான் படித்தேன்.

பூஜை ஏழாவது மாடியில், எழுநூற்றுப் பதினாலாம் அறையில். பெரிய அறை, ஏரியைப் பார்த்த அறை. காலையிலேயே கழுவிவிட்டு, கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, மண்வெட்டி, கலவைத் தட்டு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். கலவை மெஷினைக் கீழேயே விட்டுவிட்டு அதன் சாவியை மட்டும் தட்டில் வைத்தோம். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம், அவல்.

சோதனை அதிகாரி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஓவியா என்று பெயர். எழுபதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவை, கையில் அட்டை, அட்டையில் எங்கள் பெயர்ப் பட்டியல். லிப்ட் இன்னும் வராத கட்டடத்தில் ஏழு மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. உட்காரச் சொன்னோம். பரவாயில்லை, நிற்கிறேன் என்றார்.

யுவஸ்ரீ அக்கா கூட்டைக் கழற்றச் சொன்னாள். நான் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே பட்டைகளை அவிழ்த்தேன். பார்த்தால் ஏழு பேரும் சுவரோரம்தான். யாரும் நின்றுகொண்டு கழற்றவில்லை. கழற்றின கூட்டுக்கு "நில்" என்றால் தானாகப் போய் நிற்கும். ஏழு கூடும் நடந்து போய் ஜன்னல் ஓரம் வரிசையாக நின்றன. நாங்கள் ஏழு பேர் தரையில். ஒரு நிமிஷம் யார் ஆள், யார் கருவி என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யுவஸ்ரீ அக்கா உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு முழங்காலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தரணீஷ் எலுமிச்சம்பழங்களைக் கூடுகளின் பாதத்தடியில் உருட்டிவிட்டான். அது வண்டிக்குச் செய்வதல்லவா என்று அதிகாரி கேட்டார். பட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கற்பூரம் காட்டினோம். உட்கார்ந்தபடியே கும்பிட்டோம்.

"சரி. இனிமே பத்தடி" என்றார் ஓவியா அம்மா.

பொரி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றாள் மோனிஷா. சாப்பிட்டோம். சுண்டல் ஆறிவிடும் என்றான் தரணீஷ். அதையும் சாப்பிட்டோம். வாழைப்பழத்தை நான் இவ்வளவு மெதுவாக எந்தக் காலத்திலும் தின்றதில்லை. பிறகு தின்ன ஒன்றும் இல்லை.

அட்டையைப் பார்த்து முதல் பெயரைப் படித்தார்.

"அபினேஷ்."

அ எழுத்தில் ஆரம்பிக்கிற பெயரை வைத்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். கையை ஊன்றிப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் எழுந்தது. அதற்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது மாடியில் காற்று நன்றாக வரும், அப்படியும் எனக்கு வேர்த்தது.

"அம்மா, என்னால முடியாதும்மா" என்றேன். "அஞ்சு மாசமாச்சு. இவங்களுக்கு யாருக்கும் தெரியாது. நோட்டீசுல கடைசி வரிய நான் படிக்காம வுட்டுட்டன். தப்பு என்னுது. என் பேர மட்டும் எழுதிக்கங்க, இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் இணைப்பில் ஒரு பொரி சிக்கியிருந்தது.

"அஞ்சு மாசமா?" என்றான் தரணீஷ். "யோவ், நேத்துப் பொறந்த கொழந்த நீ. எனக்கு ஏழு மாசம்."

நான் நிமிர்ந்தேன்.

"எனக்குத் தை மாசமே போச்சுண்ணா" என்றாள் மோனிஷா, பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக மாசக் கணக்கைச் சொன்னார்கள். ஏதோ சீட்டில் பெயர் கொடுப்பது போல இருந்தது. கடைசியில் எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தோம்.

"கூடு வந்த மூணாவது வாரம்" என்றாள் யுவஸ்ரீ அக்கா. "நோட்டீசு ஒட்டினவன் போனதுமே நான் படிச்சிட்டன். நீ அந்த வரிய முழுங்கினதும் மனசுக்குள்ள உன்னக் கும்பிட்டன்."

படிக்காதவர்கள் யாரும் இல்லை. கண்ணாடி இல்லை என்றவர்கள் எல்லாரும் நான் படிப்பதற்கு முன்பே ஒவ்வொருவராகப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அப்ப அந்தக் குளியல்..." என்று ஆரம்பித்தாள் மோனிஷா. முடிக்க முடியவில்லை. சிரிப்பு அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. பாலித்தீன் பை கட்டுறியா என்று நான் தரணீஷைக் கேட்டேன். சிமெண்டு சாக்கு என்றான். ஏழு பேர் ஏழு விதமாகக் கட்டி, ஒருவருக்கொருவர் ஒளிந்து குளித்திருக்கிறோம். சிரித்ததில் பொரித் தட்டு கவிழ்ந்தது. எழுந்து பொறுக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் சிரித்தோம்.

ஓவியா அம்மா சிரிக்கவில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏழு பெயரையும் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் சுவரில் சாய்ந்தார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

கொசு பாடுவது போல ஒரு இழுவை கேட்டது.

அறையில் இருந்த கூடுகள் எல்லாம் ஜன்னல் ஓரம் சும்மா நின்றுகொண்டிருந்தன. ஏழு பேரும் அவருடைய புடவையைப் பார்த்தோம்.

யுவஸ்ரீ அக்கா வாழைப்பழம் ஒன்றை உரித்து அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு எத்தினி மாசம்மா?"

பழத்தை வாங்கிக்கொண்டார். "ரெண்டு வருஷம்" என்றார்.

அப்புறம் அவரே பேசினார். இந்தச் சோதனை வேலைக்கு வந்து ஒன்றரை வருஷமாம். இதுவரை நூற்றுப் பத்துப் பேரைப் பட்டியலில் எழுதியிருக்கிறாராம். எழுதிய ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்ப் பட்டையை இறுக்கிக் கட்டுவாராம். "அவங்கள்ல ஒருத்தர்கூட என்னை நடந்து காட்டச் சொல்லல" என்றார். "சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

யுவஸ்ரீ அக்காதான் பேசினாள்.

"இன்னிக்கு ஆயுதம் எதுவும் ஓடக் கூடாதும்மா. உங்களோடதையும் வச்சிடுங்க."

முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். திருப்பிக்கொண்டோம். எட்டாவது கூடு நடந்து போய் எங்கள் கூடுகளின் பக்கத்தில் நின்றது. வெள்ளியில் செய்தது போல மெல்லிசாக இருந்தது. எங்கள் சிமெண்டு ஒட்டின கூடுகளுக்கு நடுவில் கல்யாணத்துக்கு வந்தது போல் நின்றது. தரணீஷ் அதன் பாதத்தடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டான்.

"இந்த அறைக்கு ஏரி தெரியும்னு போட்டிருக்கே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எங்க ஏரி?"

ஜன்னலைப் பார்த்தோம். உட்கார்ந்த இடத்தில் இருந்து சுவர் தெரிந்தது. சுவருக்கு மேலே வெறும் வானம் தெரிந்தது. பிளானில் மூன்றரை அடி உயரம் போட்டிருந்ததாக யுவஸ்ரீ அக்கா சொன்னாள். நாங்களும் மூன்றரை அடி கட்டினோம், மட்டம் பிசகாமல், முந்நூற்றுப் பன்னிரண்டு அறைக்கும். தினமும் நின்றுகொண்டு அந்த ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தபடிதான் கட்டினோம். இந்த அறைக்கு வரப்போகிறவர்கள் உட்கார்ந்தவர்கள் என்பது கட்டின எங்களுக்கும் தோன்றவில்லை, பிளான் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அன்று முழுக்க நாங்கள் எட்டுப் பேரும் எழுநூற்றுப் பதினாலில்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு வேடிக்கையான ஒரு நாள் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் சிமெண்டு சாக்கின் மேல் உட்கார்ந்து கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தரணீஷ் அதில் போட்டி வைத்தான். மோனிஷா ஜெயித்தாள். குளியலறை வாசலில் மூன்று அங்குலத்துக்கு ஒரு படி. கட்டும்போது அது ஒரு படியாகவே எங்கள் கண்ணில் படவில்லை. இப்போது அது கோட்டைச் சுவர். குழாய்க்குக் கை எட்டவில்லை, ஒரு குச்சியால் தட்டித்தான் திறந்தோம், மூட முடியவில்லை. சுவிட்சு எட்டவில்லை. கதவுக் கொக்கி வானத்தில் இருந்தது. தரணீஷ் போட்ட தளத்தில் தண்ணீர் ஓடி வந்து எங்கள் எல்லாருடைய வேட்டியையும் புடவையையும் நனைத்தது. அவனைத் திட்டாதவர் யாரும் இல்லை.

ஓவியா அம்மா சாக்கின் மேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எழுத இடம் தீர்ந்ததும் பொரி வந்த காகிதத்தில் எழுதினார். தன் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொன்னார். நான் தவழ்ந்து போய் அளந்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தரையில் இருந்து இரண்டு அடி நாலு அங்குலம்.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டி அவரவர் கூட்டை எடுத்து மாட்டிக்கொண்டோம். எங்கள் ஏழு பேருக்கும் என்ன எழுதப்போகிறார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. யுவஸ்ரீ அக்கா கேட்டாள்.

"சோதனை முடிஞ்சிடுச்சு" என்றார் ஓவியா அம்மா. "நடக்காத ஆளால இந்தக் கட்டடத்துல பத்தடி போக முடியல. தோத்தது கட்டடம். அதைத்தான் எழுதப்போறேன். கூடவே என்னைப் பத்தியும்."

அவர் இறங்கிப் போகிற காலடி ஏழு மாடிக்கும் கேட்டது. அதன் பிறகு ஒன்றரை மாசம் எந்தத் தகவலும் இல்லை. லாரிச் சத்தம் கேட்டால் போதும், கூட்டைப் பிடுங்க வந்துவிட்டார்கள் என்று பட்டையைப் பிடித்துக்கொள்வோம்.

அந்த ஒன்றரை மாசத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மறைக்க ஒன்றும் இல்லாததால் ஷெட்டில் கூட்டைக் கழற்றி வைத்தோம். இப்படி உட்கார்ந்தே கிடப்பதா என்று மோனிஷாதான் முதலில் கயிற்றைக் கட்டினாள். சாரம் கட்டுகிற கயிறு, ஷெட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது. முதல் வாரம் நிற்பதோடு சரி. கால் நடுங்குவதைப் பார்த்து, இது பரதமா டிஸ்கோவா என்று தரணீஷ் கேட்பான். அடுத்த வாரம் அவன் ஒரு அடி வைத்தான். விழுந்தான். விழுந்ததையும் சேர்த்து இரண்டு அடி என்று வாதாடினான். குளியலும் மாறியது. ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டு, முதுகு தேய்த்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு குளித்தோம். அவசரக்காரன் முதலில் குளித்தான்.

கார்த்திகை மாசம் இலாகாவில் இருந்து கடிதம் வந்தது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

படித்தேன். ஓய்வில்லத்தின் எல்லா அறைகளும் திருத்தப்பட வேண்டும். ஜன்னல் தரையில் இருந்து இரண்டு அடி நாலு அங்குலத்துக்குக் கீழே தொடங்க வேண்டும். ஓவியா அம்மாவின் கண். குளியலறைப் படி வேண்டாம். குழாய், சுவிட்சு, கொக்கி எல்லாம் இறங்க வேண்டும். மாநிலம் முழுக்க இருக்கிற மற்ற ஓய்வில்லங்களும் இப்படியே சோதிக்கப்படும். சோதிக்க ஒரு தனிக் குழு. தலைவர் ஓவியா. பட்டியலில் ஏறிய அந்த நூற்றுப் பத்துப் பேரையும் கூடு கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஏழு பேரையும் அந்தக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்தே போகலாம், சேர்ந்தே தங்கலாம், எத்தனை வருஷம் ஆனாலும்.

யுவஸ்ரீ அக்கா அழுதாள். மேஸ்திரி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மோனிஷா டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"கடைசி வரி?" என்றான் தரணீஷ்.

இருந்தது. சத்தியம் செய்திருந்தேன், படித்தேன்.

குழுவில் இருப்பவர்கள் கூடு இல்லாமல் பத்தடி நடக்க இயலாதவர்களாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆயுத பூஜை அன்று இது சோதிக்கப்படும்.

எல்லாரும் வேகமாகத் தலையாட்டினார்கள். மோனிஷா கூட்டோடு எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். நல்லவேளை, நமக்கு இரண்டு அடிக்கு மேல் வராது என்றாள். எனக்கு அதுகூட வராது என்றான் தரணீஷ். நானும் ஆமாம் என்றேன்.

போன திங்கட்கிழமை யாரும் இல்லாதபோது, தகரச் சுவரைக்கூடத் தொடாமல் நான் ஒன்பது அடி நடந்திருந்தேன். பத்தாவது அடி வைக்கச் சுவர் தடுத்துவிட்டது.

அன்று சாயங்காலம் குளிக்கிற நேரம் வந்தது. தரணீஷுக்குச் சோப்பைக் காணோம். மோனிஷாவுக்குத் தலையில் எண்ணெய் ஊற வேண்டியிருந்தது. மேஸ்திரிக்குப் போன் வந்தது. நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.